கல்லிச்சியின் இடது கிளை

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

கொசு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம். மாமியார்தான் படுத்த படுக்கை. வாய் மட்டும் எழுந்து நடமாடுகிறது. அங்கே உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள். அண்ணன் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. போனில் எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் இருக்காரு, இடது கைதான் கொஞ்சம்" என்று முடித்துவிடுகிறீர்கள். மாமியாரை விட்டு ஒரு நாள்கூட நகர வழியில்லாமல் நான் இங்கே கட்டிப்போட்ட கன்றுபோல் கிடக்கிறேன். அதனால்தான் கடிதம். கடிதத்தில் என்னால் குறுக்கே பேச முடியாது, உங்களாலும் "அடுப்புல வெச்சிருக்கேன்" என்று பாதியில் ஓட முடியாது.

நல்ல செய்தி ஒன்று. அண்ணன் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் கல்லிச்சி மரம் அக்டோபர் மாத போன்சாய் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது! மூன்று முறை திருப்பி அனுப்பிய அதே குழுதான். நான் இந்த வருடம் குழுவின் செயலாளர் என்பதால் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். ஓட்டுப் போடும்போது என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். போன வருடம் எடுத்த போட்டோவைப் பார்த்த நடுவர், "ஒரு முழம் உயரம்தான் இருக்கு, ஆனா ஊர்க்கோடி ஆலமரம் மாதிரி நிக்குது" என்றாராம்.

மே மாதத்துக்குள் புதிய போட்டோ ஒன்று குழுவுக்கு வந்து சேர வேண்டும். அண்ணனிடம் சொல்லுங்கள். ஒரு கை போதும் அவருக்கு. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கார் பழக வந்தவன் தலையில் குட்டியவர்தானே!

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலில் ஒரு கண் வைத்திருக்கும்,
கொசு


பிப்ரவரி 23

அன்புள்ள கொசுவுக்கு,

உன் அண்ணன் வைத்த பெயரையே நானும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மாமியாருக்கு என் வணக்கம். இங்கே எல்லாரும் நலமாகவே இருக்கிறோம்.

செய்தியைச் சொன்னதும் உன் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. உடனே மேஜையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். மரத்தைத் தூக்கி வைத்தேன். இருபது வருடத்தில் நான் அந்தத் தொட்டியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "மெதுவா, மெதுவா, குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கு" என்றார். நம் வீட்டில் குழந்தை இருந்திருந்தால்கூட இத்தனை பத்திரமாகத் தூக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

வலது கையாலேயே வெட்டுகிறார். கிளையை வளைக்கக் கம்பி சுற்ற வேண்டுமானால் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொள்கிறார். பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் ஒருவர் வருகிறார். கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே முதலாளி பாதி விலைக்குக் கொடுத்தார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார், கண்ணாடி பழகினால் சரியாகிவிடும்.

டிரைவிங் ஸ்கூலுக்கு எப்போது போகலாம் என்று தினமும் கேட்கிறார். கார் சாவியைக் காணவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் சாமான்கள் அப்படித்தான் இடம் மாறிப் போகின்றன.

வேறு விசேஷம் இல்லை. உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.
அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மார்ச் முழுவதும் ஒரு வரி எழுதாததால் நீங்களும் சுகம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அண்ணன் கைப்பட ஒரு கடிதம் வந்தது. சந்தோஷத்தில் அதை மாமியாருக்குக்கூடப் படித்துக் காட்டினேன். ஆனால் அது என்ன எழுத்து? முழுத் தாளில் வலது ஓரமாக, பேருந்தில் கடைசி ஆளாக ஏறித் தொங்குகிறவர் மாதிரி, ஒரு சாண் அகலத்துக்குள் எல்லா வரியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. இடது பக்கம் முழுவதும் வெள்ளை. இடம் விட்டு எழுதினால் நான் அதில் பதில் எழுதி அனுப்பிவிடுவேன், தாள் மிச்சம் என்று பார்க்கிறாரா? அவருடைய சிக்கனம் உலகப் பிரசித்தம்தானே.

மரம் பிரமாதமாக வருகிறது என்று எழுதியிருக்கிறார். அவர் வாயால் பிரமாதம் என்று நான் கேட்டதே கிடையாது. சீக்கிரம் போட்டோவை அனுப்புங்கள்.

அவர் சாப்பாடு, தூக்கம், நடை எல்லாம் பற்றி நாலு வரி எழுதினால் குறைந்துபோக மாட்டீர்கள்.
பிரியமுடன்,
கொசு


மே 15

அன்புள்ள கொசுவுக்கு,

இரண்டு பேரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

கேட்ட போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அண்ணன் சொன்ன இடத்தில் நின்று, சொன்ன உயரத்தில் எடுத்தது. வேறு விசேஷம் இல்லை.
அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம், சுகம். அதை விடுங்கள்.

என்ன போட்டோ அது? உறையைப் பிரித்ததும் இரண்டு மரங்களை ஒட்டி எடுத்தது என்று நினைத்தேன். வலது பாதியைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு கிளையும் தட்டுத் தட்டாக, இலை இலையாக, அண்ணன் வாழ்நாளில் செய்ததிலேயே அதுதான் உசத்தி. இடது பாதி? புதர்! கொம்பு கொம்பாக மேலே போயிருக்கிறது. கீழ்க் கிளை தெருவைப் பார்த்து ஓடுகிறது. ஒரு கத்தரிகூடப் பட்டதாகத் தெரியவில்லை. நாவிதர் பாதி முகம் மழித்துவிட்டுச் சாப்பிடப் போன மாதிரி இருக்கிறது.

குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், "புது முயற்சி அது, முடியட்டும், அப்புறம் பேசுங்க" என்று அடித்துவிட்டேன். இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்ன நினைத்துக்கொண்டு இப்படி விட்டிருக்கிறார்? என் மேல் ஏதாவது வருத்தமா? ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றா? வருத்தத்தை என்னிடம் காட்டட்டும். மரத்திடம் ஏன் காட்டுகிறார்?

அவரிடமே போனில் கேட்டேன். "முழுசா முடிச்சாச்சே, இன்னும் என்ன?" என்கிறார். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நீங்கள் போனை வாங்கி "அடுப்புல வெச்சிருக்கேன்" என்றீர்கள். அடுப்பில் என்ன வைத்திருந்தீர்கள், அண்ணி?
கொசு


ஜூலை 2

அன்புள்ள கொசுவுக்கு,

உடம்பு நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உன் அண்ணனுக்கு இடது பக்கம் இல்லை. கை மட்டுமில்லை, இடது பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லை. தட்டில் சாப்பாடு வைத்தால் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா, இன்னும் பசிக்குது" என்பார். தட்டைத் திருப்பி வைப்பேன். "இதை அப்பவே வெக்க மாட்டியா" என்று மீதியைச் சாப்பிடுவார். சவரம் செய்தால் வலது கன்னம் மட்டும். சட்டையில் ஒரு கை தொங்கும். அந்தக் கடிதமும் சிக்கனம் இல்லை, கொசு. அவருக்குத் தாளே அவ்வளவுதான்.

நான் முதலில் இதைப் பார்வைக் கோளாறு என்று நம்பினேன். கண்ணாடிக் கடையில் இருப்பவளுக்கு உலகத்தில் எல்லாமே கண்ணாடிதான். கடைக்குக் கூட்டிப் போய் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தேன். கடைசி வரி வரைக்கும் படித்தார், அத்தனை பொடி எழுத்தையும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் வலது பாதியை மட்டும். அப்படியும் நான் ஒரு நம்பர் கூட்டிப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன். முதலாளிதான் என்னைத் தனியே கூப்பிட்டு, "கண்ணு ரெண்டும் பளிங்கு மாதிரி இருக்கும்மா, டாக்டரைப் பாருங்க" என்றார்.

டாக்டர் சொன்னது இது. கண் பார்க்கிறது. ஆனால் மூளை அந்தப் பக்கத்தை மறந்துவிட்டது. மறந்தது என்பதும் அதற்குத் தெரியாது. நாம் எடுத்துச் சொன்னால் ஏறாது. அவராகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகினால்தான் உண்டு. பயிற்சிக்காரர் "இடது பக்கம் பாருங்க சார்" என்று தொண்டை வற்றக் கத்துகிறார். "அங்க என்னய்யா இருக்கு?" என்று சிரிக்கிறார் உன் அண்ணன். முப்பது வருடம் கார் பழக வந்தவனைப் பார்த்து "இடது கண்ணாடியைப் பாருடா" என்று கத்திய மனுஷன்.

தட்டைத் திருப்பியதுபோல் மரத்தையும் திருப்பிப் பார்த்தேன். உடனே கண்டுபிடித்துவிட்டார். மரத்துக்கு முகம் ஒன்றுதானாம், அந்தப் பக்கமிருந்துதான் வேலை செய்ய வேண்டுமாம். "முகத்தைத் திருப்புனது யாரு?" என்று போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

அக்டோபரில் அவர் அந்தப் பாதி மரத்தோடு வந்து உங்கள் ஹாலில் நிற்பார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். எல்லாரும் சிரிப்பார்கள், எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அதை என்னால் பார்க்க முடியாது. இடது பாதியை நான் செய்கிறேன். எப்படி என்று எனக்கு எழுது.
அண்ணி


ஜூலை 9

அண்ணி,

உடனே கிளம்பி வரத் துடித்தேன். மாமியாரைத் தூக்கி உட்கார வைக்க இங்கே என்னை விட்டால் ஆள் இல்லை. சமையலறையில் நின்று அழுதேன். நாவிதர் என்று வேறு எழுதித் தொலைத்திருக்கிறேனே! என் வாயில் கொள்ளியை வைக்க.

ஆனால் நீங்கள் கேட்டதை நான் செய்ய மாட்டேன். மரத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிடுகிறேன். இடம் போதவில்லை என்று அண்ணனுக்கு நானே எழுதுகிறேன், பழி என்னோடு போகட்டும்.

யோசித்துப் பாருங்கள். தட்டைத் திருப்பி வைக்கிறீர்கள், மறு கன்னத்தை மழித்துவிடுகிறீர்கள், சட்டையை மாட்டிவிடுகிறீர்கள். இப்போது மரத்தையும் நிரப்பித் தருகிறேன் என்கிறீர்கள். எல்லாம் நிறைவாக இருந்தால் குறை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? டாக்டர் அவராகத் திரும்ப வேண்டும் என்கிறார். அவர் திரும்பத் தேவையே இல்லாமல் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். ஒரு நாள் கார் சாவி அவர் கண்ணில் படும், அண்ணி. இடது பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் வரும். அன்றைக்கு யார் எதைத் திருப்பி வைப்பது?

கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பதில் எழுதுங்கள்.
கொசு


ஜூலை 20

அன்புள்ள கொசுவுக்கு,

உன் மாமியாருக்கு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள். இங்கே உடம்பு இருவருக்கும் தாங்குகிறது.

நீ சொல்வதில் தப்பில்லை. நான் உன்னைக் கேட்டபோதே தொடங்கிவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டதுதான் என் தப்பு.

உனக்கு அந்த மேஜை தெரியும். அவர் நாற்காலி நடுவில். அவருக்கு இடது கைப்பக்கம் நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். மாலை கடையிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம். அவர் வலது பாதியில் வேலை செய்கிறார், நான் இடது பாதியில். எங்கள் இரண்டு பேர் தலைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது, கொசு. நான் வெட்டும்போது மரம் அசைந்தால் "காத்து அடிக்குது, ஜன்னலைச் சாத்தேன்" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். "சாத்திட்டேன்" என்று பக்கத்திலிருந்தே சொல்வேன். சரி என்று வலது பக்கம் தலையாட்டுவார். வெட்டிய இடத்தில் பால் வடியும். என் முந்தானையால் துடைப்பேன். எல்லா முந்தானையும் பிசின்.

நேற்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "இவ பாவம், நாள் முழுக்க ஒண்டியா அல்லாடுறா, எங்கிட்ட வந்து ரெண்டு நிமிஷம் உக்காந்து பேச மாட்டேங்குறா" என்றார். நான் கையில் கத்தரியோடு அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவருக்குத் தெரிய வேண்டும் என்கிறாய். தெரிந்தால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குத் தன் நிலை தெரிந்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. இவர் சிரிக்கிறார், பாடுகிறார், கண்காட்சிக்குப் போட சட்டை எடுத்து வைத்திருக்கிறார். அக்டோபர் வரைக்குமாவது விடு. மரத்தை எடுத்துவிட்டால் அவருக்கு எழுந்திருக்க ஒரு காரணமும் இருக்காது.

கீழ்க் கிளை என்னைப் படுத்துகிறது. கட்டைவிரல் பருமன் இருக்கிறது. வளைத்தால் முறியும் போலிருக்கிறது. நீ சொல்லித் தராவிட்டாலும் செய்யத்தான் போகிறேன், தப்புத் தப்பாகச் செய்வேன்.
அண்ணி


ஜூலை 28

அண்ணிக்கு,

இங்கே சுகம். நீங்கள் பிடிவாதக்காரி என்று அம்மா உங்களைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே சொன்னாள்.

கீழ்க் கிளைக்கு ஈரத் துணி நாடாவை இறுக்கமாகச் சுற்றுங்கள். அதன் மேல் தடிமனான அலுமினியக் கம்பி, சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். ஒரே நாளில் இறக்காதீர்கள். நாலு நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம். "டிக்" என்று சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள், அன்றைக்கு அதைத் தொடவே கூடாது. கல்லிச்சி சீக்கிரம் பருக்கும். கம்பி பட்டைக்குள் பதிய ஆரம்பித்தால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள், சுழற்றி உருவினால் கிளை உங்கள் கையோடு வந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் அண்ணன் எல்லா இலையையும் கிள்ளுவார். அதே நாளில் உங்கள் பக்கத்தையும் கிள்ளிவிடுங்கள். அப்போதுதான் அக்டோபரில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பொடித் தளிர் விடும்.

சொல்லித் தந்துவிட்டேன். சம்மதம் தந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்காட்சி முடிந்ததும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்வதாக எழுதுங்கள்.
கொசு


செப்டம்பர் 19

அன்புள்ள கொசுவுக்கு,

நலம். அக்டோபர் பத்தாம் தேதி காலை ரயிலில் வந்து சேர்வோம். மரத்துக்குத் தனியாக ஒரு இருக்கை எடுத்திருக்கிறேன். உன் அண்ணன்தான் கேட்டார்.

கிளை இறங்கிவிட்டது! ஒரு தடவை "டிக்" என்றது, மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிழைத்துவிட்டது. இப்போது அது தொட்டியின் விளிம்புக்குக் கீழே வரை வந்து, நுனியில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது. தளிர் விட்டிருக்கிறது, உளுந்து அளவு இலைகள். கடைக்குப் போகும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டு போகிறேன். வாழ்க்கையில் நான் இப்படி ஒன்று செய்ததில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று கை பரபரக்கிறது. வீட்டில் இருப்பது ஒரே ஆள், அவருக்குக் காட்ட முடியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ கேட்ட உறுதியை நேரில் பேசிக்கொள்வோம். அதுவரை வாயைத் திறக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.
அண்ணி


அக்டோபர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

ரயிலில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று போனில் கேட்டேன். "ம்" என்றீர்கள். ஸ்டேஷனிலும் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் செய்ததை நான் நினைத்துச் செய்யவில்லை. நீங்கள் தண்ணீர் வாங்கப் போயிருந்தபோது நடந்தது இது. மரத்துக்கு முன்னால் கூட்டம். நடுவர் அண்ணனிடம், "இந்த இடது கீழ்க் கிளைக்காகவே நாள் பூரா நின்னு பாக்கலாம். எப்படிங்க அவ்வளவு தாழ இறக்குனீங்க?" என்று கேட்டார். அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல், "இடது பக்கம் கீழ கிளையே இல்லைங்களே" என்றார்.

தன்னடக்கம் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் கூடச் சிரித்தார், வலது பக்கம் இருந்த ஆளைப் பார்த்து. எதற்கு என்று தெரியாமல் சிரித்தார், அண்ணி. நீங்கள் ஜூலையில் எதைப் பார்க்க முடியாது என்று எழுதினீர்களோ அது முழு மரத்துக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. போய் அவர் தாடையை இரண்டு கையாலும் பிடித்தேன். "இங்க பாரு, அண்ணா" என்று திருப்பினேன். அவர் கழுத்து எதிர்த்தது. விடாமல் திருப்பினேன்.

பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "இது யாரு வேலை?" என்றார். அப்போதுதான் நீங்கள் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றீர்கள். அவர் ஒரு நாற்காலி கேட்டார். மரத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால், உங்களைக் கேட்காமல், அவர் தாடையைப் பிடித்து... என் கை இன்னும் கூசுகிறது. திட்டியாவது எழுதுங்கள்.
கொசு


டிசம்பர் 8

அன்புள்ள கொசுவுக்கு,

உன் மாமியார் தவறிய செய்தி வந்தது. கடைசி வரை நீ ஒருத்தியாகத் தாங்கினாய். வீட்டில் திடீரென்று சத்தம் நின்றுபோனால் காது என்னவோ செய்யும், இல்லையா? வேளைக்குச் சாப்பிடு. இங்கே நாங்கள் இருக்கிறோம்.

அக்டோபரிலிருந்து உன் மூன்று கடிதங்களும் வந்தன. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. இரண்டாவது கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. அவ்வளவு கோபம். எட்டு மாதம் நான் ஒரு மனிதனைக் காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டேன், நீ ஒரு நிமிடத்தில் கழுத்தைத் திருகிவிட்டுப் போனாய் என்று நினைத்தேன். இன்னமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது போகும்போது போகட்டும்.

வந்த பிறகு உன் அண்ணன் பேசவில்லை. என்னிடம் மட்டுமில்லை, யாரிடமும். பாட்டு நின்றுபோனது. மரத்தை மூலையில் வைத்துவிட்டேன். நான் பயந்த மாதிரியே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஒரு தடவை மட்டும் பயிற்சிக்காரரிடம், "எவ்வளவு தூரம் திருப்பணும்?" என்று கேட்டார். அந்த ஆள் சந்தோஷத்தில் எனக்கே கை கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் திரும்புவதைப் பார்த்தால் பள்ளத்தை எட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, மரத்தைத் தூக்கி மேஜையில் வைக்கச் சொன்னார். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. வைத்தேன். பழக்கத்தில் நானும் ஸ்டூலைப் போட்டு இடது பக்கம் உட்கார்ந்துவிட்டேன். அவர் பெரிய வெட்டுக்கத்தரியை எடுத்தார். தலையைத் திருப்பினார். வலது கிளை, நடுத்தண்டு, அதையும் தாண்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். யாரும் சொல்லவில்லை, யாரும் தாடையைப் பிடிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. கிளையைத் தேடிப் பிடித்தார். அடியில் கத்தரியை வைத்தார். ஒரே வெட்டு.

என் கிளை மேஜையில் விழுந்தது. பால் கொட்டியது. நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். அந்தச் சத்தம் வந்த பக்கம் இன்னும் திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ எப்ப வந்தே?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் உனக்குச் சொன்னால் புரியாது. "ஜூலைல இருந்து இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றேன். "கண்ணு நல்லா இருக்குன்னு சொன்னாங்க, பொண்டாட்டி தெரியல, அவ செஞ்ச கிளைய வெட்ட மட்டும் தெரியுதா?"

"எம் மரத்துல கை வெக்க உனக்கு யாரு சொன்னா?"

"மரம் உங்களோடது. கிளை என்னோடது."

"கிளையா அது? தொடப்பக்கட்டையை வளைச்சு வெச்ச மாதிரி!"

"நடுவர் அதைத்தானே நின்னு பாத்தாரு! உங்க பக்கத்தை யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"அவனுக்கு என்ன தெரியும்? நீ கம்பி சுத்துன லட்சணம் பட்டையில தெரியுது, பாரு!"

அவர் சொன்னது உண்மைதான், ஒரு இடத்தில் பதிந்திருந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை முற்றியது. மாடி வீட்டுக்காரர் மறுபடி இறங்கி வந்து, எட்டிப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது, விட்டுவிடலாம் என்பதுபோல் கையை ஆட்டினார். நான் விடவில்லை, கொசு. எங்கள் கல்யாணத்தில் என் சித்தப்பாவுக்கு நாற்காலி போடாத கதையை எடுத்தேன். அது முடிந்ததும், வீடு மாறியபோது என் தையல் மெஷினை விற்ற கதையை எடுத்தேன். இருபது வருடத்துப் பழசையெல்லாம் தோண்டித் தோண்டி எடுத்துப் போட்டேன். ஏனென்றால் அவ்வளவு நேரமும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் உட்கார்ந்திருந்த என் முகத்தை விட்டு அவர் கண் அசையவே இல்லை. சண்டை நின்றால் தலை பழையபடி வலது பக்கம் போய்விடும் என்று எனக்குப் பயம்.

சண்டை நின்றது, தலையும் போகத்தான் செய்தது. மறுநாள் காலையிலேயே கதவு நிலையில் இடித்துக்கொண்டார். தட்டிலும் பாதி மிச்சம் இருந்தது. நான் திருப்பி வைக்கவில்லை. காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து அவராகவே கழுத்தைத் திருப்பி, மீதியைப் பார்த்து, சாப்பிட்டார். ஆறிப் போயிருந்தது. அடுப்படியில் நின்று அழுதேன். அந்தக் கிளைக்காகவும் அழுதேன். அது நல்ல கிளை, கொசு. நீயாவது பார்த்தாய்.

கார் சாவி இருக்கும் இடத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். எடுக்கவில்லை.

அந்தச் சண்டைக்குப் பிறகு, கடிதம் எழுதும் இந்த நிமிடம் வரை உன் அண்ணன் என்னோடு பேசவில்லை. தன் மரத்தைத் தொட்டுவிட்டேன் என்று அவ்வளவு கோபம். நான் எங்கே உட்கார்ந்தாலும், இடது மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாலும், தேடிக் கண்டுபிடித்து முறைக்கிறார்.

உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ.
அன்புடன்,
அண்ணி